பல் டாக்டர் நாற்காலியில் நடுங்குபவர்களுக்கு: வாயுவா, மாத்திரையா, நரம்பு ஊசியா?

கீழ்க் கடைவாய்ப் பல்லில் சீழ் கட்டி, கன்னம் வீங்கி, இரண்டு வாரம் அம்மா கஞ்சியோடு காலம் தள்ளினார். பல் டாக்டரிடம் மட்டும் வரமாட்டேன் என்றார். சின்ன வயதில் சரியாக மரத்துப் போகும் முன்பே அவருக்குப் பல்லைப் பிடுங்கியிருக்கிறார்கள். அந்தப் பயம் அறுபது வயதிலும் விடவில்லை. ஒருவழியாகக் கூட்டிப்போனபோதுதான், பயத்தைத் தணிக்கவே தனியாக வழிகள் உண்டு என்று டாக்டர் சொன்னார். எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

அலசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவை பயத்துக்கான மருந்துகள். பல்லை மரத்துப் போக வைப்பது லிக்னோகைன் ஊசிதான். எந்த வழியில் போனாலும் அது உண்டு. சீழ் கட்டிய இடத்தில் அந்த ஊசி சரியாகப் பிடிக்காது. அம்மாவுக்கு அன்று நடந்ததும் இதுவாக இருக்கலாம். அதனால் முதலில் சீழை வெளியேற்றிவிட்டு, வேர் சிகிச்சைக்குத் தேதி கொடுத்தார்கள்.

முதல் வழி, சிரிப்பு வாயு என்கிற நைட்ரஸ் ஆக்சைடு. அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1844 டிசம்பரில் இதைச் சுவாசித்துவிட்டு, இன்னொரு பல் மருத்துவரிடம் தன் பல்லையே பிடுங்கச் சொன்னார். அவ்வளவு பழையது. இப்போது ஆக்சிஜனோடு கலந்து மூக்கு மாஸ்க் வழியாகத் தருகிறார்கள்; ஆக்சிஜன் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்காதபடி கருவியிலேயே தடுப்பு இருக்கும். சில நிமிடத்தில் உடம்பு லேசாகும், ஆனால் நினைவு தப்பாது. கூடினால் குறைக்கலாம், போதாவிட்டால் கூட்டலாம். முடிந்ததும் ஐந்து நிமிடம் வெறும் ஆக்சிஜன் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். மூக்கடைப்பு இருந்தால் வேலை செய்யாது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம் வேண்டாம் என்பார்கள். பி12 குறைபாடு இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வாயு அந்த வைட்டமினைச் செயலிழக்கச் செய்யும். பயம் மிக அதிகமானவர்களுக்கு இது போதாமல் போகலாம். எல்லாக் கிளினிக்கிலும் கருவி இருக்காது. போன் செய்து கேட்டுவிட்டுப் போவது நல்லது.

மாத்திரைக்குக் கருவியே வேண்டாம், செலவும் குறைவு. டயஸெபாம் போன்ற ஒன்றைச் சுமார் ஒரு மணி நேரம் முன்பு போடச் சொல்வார்கள். எனக்கு இதில்தான் தயக்கம் அதிகம். விழுங்கிய பின் அளவை மாற்ற முடியாது. ஒருவருக்கு ஒன்றும் செய்யாத அளவு இன்னொருவரைத் தள்ளாட வைக்கும். டயஸெபாம் உடம்பை விட்டுப் போக நாட்கணக்காகும். வயதானவர்கள் பாத்ரூம் போகும்போது விழ வாய்ப்புண்டு. குறட்டையோடு தூக்கத்தில் மூச்சுத் திணறுபவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். பக்கத்து வீட்டு அக்காவிடம் மிச்சமிருக்கிற தூக்க மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொண்டு போகவே கூடாது. இளவயதில், வேறு நோயில்லாமல், நடுத்தரமான பயம் உள்ளவருக்கு, டாக்டர் எழுதிக் கொடுத்தால், சரி.

கடைசிக் கடைவாய்ப் பல்லை எலும்பிலிருந்து வெட்டி எடுக்க வேண்டுமா? கருவியைப் பார்த்தாலே மூச்சு முட்டுமா? அப்படியென்றால் மூன்றாவது வழியையே நான் சொல்வேன். மிடாஜோலம் மருந்தைக் கை நரம்பில், அதாவது ரத்தக் குழாயில், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவார்கள். டாக்டர் பேசினால் பதில் சொல்வீர்கள். ஆனால் பின்னால் யோசித்தால் பெரும்பாலும் எதுவும் நினைவில் இருக்காது. பழைய கெட்ட நினைவோடு வருபவருக்குப் புதிதாக ஒன்று சேராமல் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம்! மருந்து அதிகமானால் முறிக்க ஃப்ளூமசெனில் இருக்கிறது. ஆனால் முறிமருந்தின் வேகம் சீக்கிரம் அடங்கிவிடும் என்பதால் வெகுநேரம் கவனித்துத்தான் அனுப்ப வேண்டும். பயிற்சி பெற்றவர், ஆக்சிஜன், பல்ஸ் ஆக்சிமீட்டர் இல்லாத இடத்தில் இதற்குச் சம்மதிக்காதீர்கள். பொதுவாக ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது, துணைக்கு ஆள் வேண்டும், 24 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது. ஊசிதான் பயமே என்றால், கையில் தடவும் மரப்பு க்ரீமை ஒரு மணி நேரம் முன்பே கேளுங்கள்.

முழு மயக்கம் வேறு கணக்கு. வாய் நிறையச் சொத்தைப் பல்லோடு வரும் சின்னக் குழந்தைகளுக்கும், ஒத்துழைக்க முடியாத நிலையில் இருப்பவர்களுக்கும், மயக்க மருந்து நிபுணர் உள்ள மருத்துவமனையில் மட்டும்.

அம்மாவுக்குக் குறட்டை அதிகம், அதனால் மாத்திரையை விட்டோம். வாயுவைத் தேர்ந்தெடுத்தார். இடது கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்திவிடுவேன் என்று டாக்டர் வாக்குக் கொடுத்தார். அம்மா இரண்டு முறை தூக்கினார், டாக்டர் இரண்டு முறையும் நிறுத்தினார். வெளியே வந்ததும் அடுத்த தேதியை அம்மாவே கேட்டு வாங்கிக்கொண்டார்.