கல்வெட்டைத் திருத்தும் போன்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

2024 பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு கும்பகோணத்தில் இந்தப் போனை வாங்கினேன். முதல்வரிசை ஆண்ட்ராய்டு போன், விலை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் குறைப்படுவது ஒரு நிறுவனத்தைப் பற்றி அல்ல. இந்த விலையில் கிடைக்கும் போன்கள் பலவற்றிலும் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்கும் ஒரு குணத்தைப் பற்றி, எடுத்த படத்தைத் தானே திருத்திவிடுவதைப் பற்றி. அப்பா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு ஒரு கறவை மாடு பிடித்திருக்கலாம்" என்றார். மாடு படம் எடுக்காது என்றேன். போன் கன்று போடாது என்றார். பேச்சு அத்தோடு முடிந்தது.

எனக்குப் பாபநாசம் பக்கத்தில் உரக்கடை. வாரத்தில் ஆறு நாள் போனுக்குப் பெரிய வேலை கிடையாது: கணக்கு, பணப் பரிமாற்றம், நோய் தாக்கிய நெற்பயிரைப் படம் பிடித்து மருந்து கேட்பவர்களின் செய்திகள். ஏழாவது நாள்தான் இதை வாங்கியதற்கான காரணம். நாங்கள் நான்கு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் ஊராகப் போய்க் கோயில் கல்வெட்டுகளைப் படமெடுத்துப் படிக்கிறோம். எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவரை ஐயா என்போம். பழைய முறையில் மைப்படி எடுக்கத் தெரிந்தவர். ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டித் தூரிகையால் தட்டித் தட்டிக் குழிக்குள் இறக்கி, மேலே மை ஒற்றுவார். அதற்கு அனுமதி, தண்ணீர், பொறுமை மூன்றும் வேண்டும். போனுக்கு மூன்றும் வேண்டாம் என்று நினைத்துத்தான் வாங்கினேன்.

வன்பொருளைப் பற்றி எனக்கு மனத்தாங்கல் இல்லை. நான்கு நானோமீட்டர் செயலி, 12 ஜிபி ரேம். இரண்டு ஆண்டில் ஒருமுறைகூடத் திணறவில்லை. அதைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் கேமராவைப் பற்றித்தான்.

முதன்மைக் கேமரா 50 மெகாபிக்சல். ஆனால் வழக்கமான முறையில் எடுத்தால் நான்கு நான்கு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பன்னிரண்டரை மெகாபிக்சல் படமாகத்தான் தரும். இருட்டான பிராகாரத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஐந்து மடங்கு பெரிதாக்கும் பெரிஸ்கோப் லென்ஸ் இருக்கிறது. கோயில் விமானத்தின் மேல் வரிசையில், கழுத்து நோக அண்ணாந்து பார்க்க வேண்டிய எழுத்துகளைக் கைக்கருகில் கொண்டுவந்துவிடுகிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் அதிட்டானத்தில், அதாவது அடிப்பீடத்தில், பெரிதாகவும் ஆழமாகவும் வெட்டிய எழுத்துகளுக்கு இதெல்லாம் தேவையே இல்லை, பத்தாயிரம் ரூபாய் போனே போதும். சோதனை புள்ளமங்கைக் கோயிலில்தான் தொடங்கும். அங்கே அதிட்டானத்தில் உள்ளங்கை அகலமே உள்ள சிற்பங்கள் இருக்கின்றன. அருகில் போனால் பெரிஸ்கோப் லென்ஸுக்குக் குவியம் கிடைக்காது. போன் சொல்லாமல் கொள்ளாமல் வேறு லென்ஸுக்கு மாறிவிடும். திரையில் 5 என்ற எண் அப்படியே நிற்கும், படத்தை எடுப்பது மட்டும் வேறு கண். இன்னும் நெருங்கினால் அகலக்கோண லென்ஸுக்குத் தாவிவிடும். அதற்குள் போனின் நிழலே சிற்பத்தின் மேல் விழுந்திருக்கும். தானாக மாறுவதை அமைப்புகளில் நிறுத்திவைத்து, இரண்டடி தள்ளி நின்று எடுப்பதே சரி என்று புரிய எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

இனி அந்தக் குணத்துக்கு வருகிறேன்.

கல்வெட்டு படிக்க வெளிச்சத்தைவிட நிழல்தான் முக்கியம். ஒளி நேராக விழுந்தால் எழுத்து மறைந்துவிடும். சுவரை உரசியபடி பக்கவாட்டில் விழுந்தால் ஒவ்வொரு குழியும் தன் நிழலால் நிரம்பி எழுத்து எழுந்து நிற்கும். எங்கள் பக்கத்தில் நண்பகல் வெயில் கோயிலின் வடசுவரில் விழுவது ஏறக்குறையச் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணித் தொடக்கம் வரைதான். அப்போது உச்சிவேளையில் ஒளி மேலிருந்து சுவரை வழித்துக்கொண்டு இறங்கும். அந்த அரைமணி நேரத்துக்காக ஆண்டு முழுதும் காத்திருப்போம்.

போன் என்ன செய்கிறது? பொத்தானை ஒருமுறை அழுத்தினால் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கி, வெளிச்சத்தைத் தணித்து, இருண்ட இடங்களைத் தூக்கிவிடுகிறது. குழந்தையின் முகத்துக்கு அது வரம். கல்வெட்டுக்கோ, நாம் காத்திருந்து பெற்ற நிழலை அது துடைத்தெறிகிறது. பிறகு தன் பங்குக்கு ஓரங்களைக் கூர்மையாக்குகிறது. கல்லின் சொரசொரப்பை இரைச்சல், அதாவது படத்தில் விழும் வேண்டாத புள்ளிகள், என்று நினைத்து மழுப்புகிறது. படம் பார்க்க அழகாக இருக்கும், அதுதான் ஆபத்து.

போன ஆண்டு ஆனியில் நடந்தது இது. ஒரு சிறிய ஊர்க் கோயில், பெயர் வேண்டாம். வடசுவரில் சுண்ணாம்பு பூசிச் சுரண்டிய ஒரு வரி. முன்னும் பின்னும் சிதைந்து, நடுவில் இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். என் போன் படத்தில் தெளிவாக 'செப' என்று இருந்தது. பழைய கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ஆகவே செப்பு என்று தொடங்கும் சொல்லாக இருக்கலாம். யாரோ செப்புத் திருமேனி கொடுத்திருக்கிறார்கள் என்று இரண்டு நாள் குழுவில் ஒரே உற்சாகம். எந்தத் திருமேனி, இப்போது எங்கே இருக்கிறது என்பதுவரை பேச்சு போய்விட்டது. ஐயா மட்டும் பேசவில்லை. மூன்றாம் நாள் என்னைப் பின்னால் உட்கார வைத்துத் தன் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு போனார். விரலை நாக்கில் தொட்டு அந்த எழுத்தின் இடப்பக்கம் தடவினார். "இங்கே வை தம்பி" என்றார். வைத்தேன். விரல் நுனிக்கு ஒரு சின்னச் சுழி தட்டுப்பட்டது. ப அல்ல, ய. அந்தச் சுழியை அழுக்கு என்று எண்ணி என் போன் மழுப்பிவிட்டிருக்கிறது. சொல் 'செய்', அதாவது வயல். எங்கள் செப்புத் திருமேனி ஒரு துண்டு வயலாகிவிட்டது.

"காகிதம் கல்லைத் தொட்டுப் படிக்கிறது. உன் போன் ஊகித்துப் படிக்கிறது" என்றார் ஐயா. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து அதே சுவரை ரா கோப்பாகவும், அதாவது மென்பொருள் திருத்தாத மூலப் படமாகவும், எடுத்திருந்ததைத் தேடித் திறந்தேன். மங்கலாக, சாம்பல் பூத்து, யாருக்கும் காட்ட முடியாத படம். அதில் சுழி இருந்தது. பொத்தானை அழுத்திய நொடியில் சென்சார் பார்த்திருக்கிறது, மென்பொருள்தான் அழித்திருக்கிறது.

அதிலிருந்து கல்லுக்கு முன்னால் நின்றால் ப்ரோ முறை, ரா கோப்பு, ஒளி அளவை நானே வைப்பது, இரவானால் இன்னொருவர் போனின் டார்ச்சை ஒரு முழம் தள்ளிப் பக்கவாட்டில் பிடிப்பது என்று பழக்கிக்கொண்டேன். டார்ச்சை இடம், வலம், மேல், கீழ் என்று நகர்த்தி நான்கு படம். கைகள் நடுங்குவதை லென்ஸின் அதிர்வுத் தடுப்பு நன்றாகவே சமாளிக்கிறது. முக்காலி கொண்டுபோனால் தொல்லியல் துறைக் கோயில்களில் தனி அனுமதி கேட்பார்கள். அந்த அதிர்வுத் தடுப்பு உள்ள லென்ஸ், நுண்ணிய காந்தங்களின் நடுவே மிதப்பது. பைக்கின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். பெரிய பைக் எஞ்சின்களின் அதிர்வு கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்திருக்கிறது. நம் ஊர்ச் சாலைகளுக்கு எஞ்சின் அதிர்வுகூடத் தேவையில்லை.

ரா கோப்புகள் இடத்தை விழுங்கும். மெமரி கார்டு போட வழியில்லாத 256 ஜிபி எட்டே மாதத்தில் நிறைந்தது. இப்போது ஒவ்வொரு ஞாயிறு இரவும் மடிக்கணினிக்கு மாற்றிவிட்டுத்தான் சாப்பாடு. குழுவுக்கு அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். இல்லாவிட்டால் செய்தி செயலி தன் பங்குக்கு இன்னொரு முறை நசுக்கும்.

அழிப்பான் என்று ஒரு வசதி வந்திருக்கிறது. படத்தில் வேண்டாததைத் தேய்த்தால் மறைந்துவிடும். கோயில் சுவரில் கல்வெட்டின் குறுக்கே மின்கம்பிக் குழாய் போகாத ஊர் எங்கே இருக்கிறது? எங்களில் ஒருவர் ஆசைப்பட்டுக் குழாயை அழித்தார். குழாய் இருந்த இடத்தில் எழுத்து முளைத்தது! வளைவும் கோடுமாக, சோழர் காலத்தது போலவே, ஒரு பொருளும் இல்லாத எழுத்து. சிரித்துவிட்டு அழித்தோம். ஆனால் அப்படி ஒரு படம் எங்காவது பரவிவிட்டால், ஐந்தாறு ஆண்டு கழித்து அதைப் படித்துப் பொருள் சொல்ல ஒருவர் வருவார்.

விசைப்பலகையும் இதே சாதி. பெரிய கோயில் கல்வெட்டில் 'குடுத்த' என்றுதான் இருக்கிறது. நான் தட்டும்போதெல்லாம் 'கொடுத்த' என்று மாற்றுகிறது. இராசராசனுக்கே எழுத்துப்பிழை திருத்தம்! நில அளவுக் குறிகளின் கதை வேறு. மா, காணி, முந்திரி ஆகிய பின்னக் குறிகளுக்கு 2019-ல் யூனிகோடில் இடம் கொடுத்துவிட்டார்கள். என் போனில் அவை தெரிகின்றன. அண்ணனின் பழைய போனுக்கு அனுப்பினால் வெறும் கட்டங்கள். அவரோ எத்தனை மா நடவு, எத்தனை மா தரிசு என்று இன்றும் அதே அளவில்தான் பேசுகிறவர்.

தண்ணீர்: ஐபி68 என்ற தூசு, தண்ணீர்த் தடுப்புத் தரம் நன்னீரில், ஆய்வகத்தில், புதுப்போனுக்குச் செய்த சோதனை. ஐப்பசி அடைமழையில் என் போன் பிழைத்தது உண்மை. ஆனால் மார்கழிப் பனியில் நனைந்த சட்டைப்பையில் ஒரு காலை கிடந்ததற்கு, சார்ஜ் துளையில் ஈரம் என்று மாலைவரை சார்ஜ் ஏற்ற மறுத்தது. அது நல்ல மறுப்புதான். அன்று கையில் வயரில்லாச் சார்ஜர் இல்லாததால் எரிச்சலாக இருந்தது. தூறலில் தொடுதிரை தானே அழுத்திக்கொள்ளும். கைரேகை, உரமூட்டை தூக்கிய நாளில் என்னை யாரென்றே கேட்கும்.

வெயில் இன்னும் கடுமை. வடசுவருக்கு நல்ல ஒளி வரும் அதே சித்திரை உச்சிவேளையில் போன் சூடேறித் திரையை மங்கவைக்கும். வாங்கும்போது விளம்பரத்தில் பார்த்த பளிச்சென்ற திரை, தேவைப்படும் அந்த அரைமணி நேரத்தில் மட்டும் இல்லை. ஈரத்துண்டு சுற்றிய தண்ணீர் பாட்டிலின் மேல் சற்று நேரம் சாய்த்து வைப்பேன். பனிக்கட்டிப் பெட்டியில் வைக்காதீர்கள். லென்ஸுக்குள் ஆவி படியும்.

5,000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி முதல் ஆண்டில் ஞாயிறு முழுதும் தாங்கி, வீடு திரும்பும்போது நாற்பது சதவீதம் வைத்திருக்கும். இப்போது மூன்று மணிக்கே இருபது. எண்பது சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதியை முதல் நாளே போட்டிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்; அதை நான் கண்டுபிடித்தது பதினான்காம் மாதத்தில்.

ஏழு ஆண்டுக்கு மென்பொருள் புதுப்பிப்பு உண்டு என்கிறார்கள். 2023 இறுதியிலிருந்து முதல்வரிசை ஆண்ட்ராய்டு போன்களில் சிலவற்றுக்கு வந்த வழக்கம் இது. பாதுகாப்புக்கு நல்லது. ஆனால் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் பிறகு, ஏற்கெனவே எனக்கு மனப்பாடமான ஒரு கல்லை மீண்டும் படமெடுத்துப் பழையதோடு ஒப்பிடுகிறேன். சென்ற முறை கூர்மையாக்கல் ஒரு படி கூடியிருந்தது.

அந்தச் சிறிய கோயிலில் வரும் தை மாதம் திருப்பணி தொடங்குகிறதாம். சுவரைக் கழுவிப் பூசுவதற்குள் நான்கு பக்கமும் ரா கோப்பில் எடுத்துவிட வேண்டும். ஐயா இந்த முறை காகிதமும் மையும் எடுத்து வருகிறார். அனுமதிக் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பவர் பேங்க், இரண்டு டார்ச், ஈரத்துண்டு என் பொறுப்பு.