பின் ஹப்பில் ஃப்ரீஹப் பாடியை மட்டும் மாற்றினேன், சக்கரம் பிழைத்தது

மேட்டில் எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் சடக்கென்று காலுக்கடியில் வெறுமனே இறங்கி, முழங்கால் ஹேண்டில்பாரில் போய் இடித்தால் எப்படி இருக்கும் என்று பட்டவர்களுக்குத் தெரியும். எனக்கு அது முதலில் மாதத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை, கடைசியில் ஒவ்வொரு சிக்னலிலும் என்று ஆகிவிட்டது. பின்னால் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நிற்கும்போது பச்சை விழுந்து மிதித்தால் சைக்கிள் நகராமல் நிற்பது உண்மையிலேயே ஆபத்தான விஷயம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் எல்லோரும் செய்யும் தப்பைத்தான் நானும் செய்தேன். செயின் தேய்ந்துவிட்டது என்று நினைத்து செயினை மாற்றினேன், அதோடு கேசட்டையும் (பின் சக்கரத்துப் பல்சக்கரக் கொத்து) மாற்றினேன், இரண்டும் மாற்றிய மறுநாளே பெடல் நழுவியது. வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது இவ்வளவு சுலபம் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செயின் அல்லது கேசட் தேய்ந்திருந்தால் அதிகம் ஓட்டும் ஒன்றிரண்டு கியரில்தான் துள்ளும், துள்ளும்போது செயின் பல்லின் மேல் ஏறித் தாண்டுவது காதிலும் கேட்கும். ஃப்ரீஹப் போயிருந்தால் எந்த கியரில் வேண்டுமானாலும் நழுவும். செயின் பல்லிலேயே உட்கார்ந்திருக்கும், கேசட் மொத்தமும் சேர்ந்து முன்னால் உருண்டுவிடும், சக்கரம் மட்டும் அசையாது. இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. மிதிப்பதை நிறுத்தியும் கேசட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, மேல்பக்கத்து செயின் தொய்ந்து தொங்கும். இரண்டுமே ஒரே இடத்து நோய்தான்.

அந்த இடம் எது என்றால், கேசட் உட்காரும் ஃப்ரீஹப் பாடி என்ற உருளைக்குள் சுருளோ வளையமோ ஆன ஒரு மெல்லிய ஸ்பிரிங் சில சின்ன உலோக நாக்குகளை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும், மிதிக்கும்போது அந்த நாக்குகள் பல் வளையத்தில் மாட்டிச் சக்கரத்தை இழுக்கும், மிதிக்காதபோது பற்களின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். சக்கரத்தை உருட்டினால் டிக் டிக் என்று கேட்பது அந்த நாக்குகள்தான். என் ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், தண்ணீர் புகுந்திருந்தது. தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் குழாயால் ஹப்பின் மேலேயே பிடித்துக் கழுவும் பழக்கம் எனக்கு இருந்தது, ரப்பர் சீல் அந்த வேகத்தைத் தாங்காது. உள்ளே கிரீஸ் கெட்டியாகிக் காவி நிறத்தில் களிம்பு மாதிரி ஆகி, நாக்குகள் மடிந்த நிலையிலேயே ஒட்டிக்கொண்டு எழும்ப மறுத்தன.

மண்ணெண்ணெய் விட்டுக் கழுவிப் பார்த்தேன். பாடியைக் கழற்றிக் கிண்ணத்தில் ஊறவைத்து, சுற்றிச் சுற்றி அழுக்கை எடுத்து, காயவைத்து, மெல்லிய எண்ணெய் விட்டேன். பதினைந்து நாள் பிரமாதமாக ஓடியது. பதினாறாவது நாள் மறுபடியும் அதே சடக். கழுவினால் அழுக்கு போகும், முனை மழுங்கிய நாக்கு கூர்மையாகாது. தொய்ந்த ஸ்பிரிங்கும் அப்படித்தான். லேசாகத் தேய்ந்து கிரீஸ் மட்டும் கெட்டிருந்தால் கழுவிப் பார்க்கலாம், தப்பில்லை, ஆனால் நழுவ ஆரம்பித்த ஹப்பை நம்பி மேட்டில் எழுந்து நின்று மிதிக்காதீர்கள்.

உள்ளே பிரித்து நாக்கை மட்டும் மாற்றலாமா என்றும் யோசித்தேன். ஷிமானோ வகைப் பாடியைப் பிரிக்கத் தனி டூல் வேண்டும், உள்ளே இருக்கும் கப் (பால்ரஸ் குண்டுகள் ஓடும் கிண்ணம்) இடப்புரி மரை, அதாவது வழக்கத்துக்கு மாறாக வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். கழற்றிவிட்டால் 1/8 அங்குலப் பால்ரஸ் குண்டுகள் இரண்டு வரிசையாக ஐம்பது அளவில் கொட்டும். அதோடு தாள் மாதிரி மெல்லிய வாஷர்களும் விழும், அவற்றின் கணக்கு ஒன்று தப்பினாலும் பாடி ஆடும் அல்லது இறுகும். இவ்வளவும் செய்தாலும் நாக்கும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைப்பதில்லை, பாடியை முழுசாகத்தான் விற்கிறார்கள். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. கடுகளவு ஸ்பிரிங்குக்காக நல்ல எஃகு உருளை ஒன்றைத் தூக்கிப் போடவேண்டியிருக்கிறது.

சரி, மாற்றுவதுதான் வழி என்று முடிவு செய்து, முதலில் பெயர் தெரியாத ஒரு தயாரிப்பை வாங்கினேன், எல்லா ஹப்புக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது. பொருந்தவில்லை. ஹப்புக்குள் மாட்டும் பின்பக்கப் பற்கள் சரியாகவே இருந்தன, ஆனால் கோன் (ஆக்சிலில் மாட்டி பால்ரஸை அழுத்தும் கூம்பு) உட்காரும் குழியின் ஆழம் வேறு. அதனால் கோன் வெளியே நின்று, தூசி மூடி சேராமல் ஒரு நூல் இடைவெளி தெரிந்தது. அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஹப்பின் நடுவில் பொறித்திருந்த மாடல் எண்ணைப் பார்த்து, அதே எண்ணுக்கு உரிய ஷிமானோ பாடியை வரவழைத்தேன். இந்த விமர்சனம் அந்தப் பாடிக்குத்தான். வாங்கும் முன் ஹப்பை ஈரத்துணியால் துடைத்து அந்த எண்ணைப் படித்துவிடுங்கள், எழுத்து மிகச் சின்னதாக இருக்கும்.

வேலை ஒரு மாலை நேரம் பிடித்தது. கேசட்டைச் செயின் விப்பால் (செயின் துண்டு பொருத்திய பிடி) சுற்றாமல் பிடித்துக்கொண்டு, அதை இறுக்கியிருக்கும் லாக்ரிங்கைக் கழற்றினேன், அப்புறம் இடப்பக்கத்து லாக்நட், கோன். கோனுக்கு 15 மி.மீ. மெல்லிய கோன் ஸ்பேனர் வேண்டும், சாதாரண ஸ்பேனரின் தடிமன் உள்ளே நுழையாது. ஆக்சிலை உருவும்போது கீழே ஒரு துணியை விரித்துக்கொள்ளுங்கள், பக்கத்துக்கு ஒன்பதாக 18 குண்டுகள், 1/4 அங்குல அளவு. பழைய குண்டுகளைத் திரும்பப் போடாதீர்கள், பார்க்க நன்றாக இருந்தாலும் புதுசு போடுங்கள். பாடியைப் பிடித்திருக்கும் உள்போல்ட்டைக் கேசட் பக்கத்திலிருந்து 10 மி.மீ. ஆலன் கீ விட்டுக் கழற்றவேண்டும். எனக்கு அது அசையவே இல்லை. கீயைப் பட்டறைப் பிடியில் (வைஸ்) செங்குத்தாக இறுக்கி நிற்கவைத்து, டயரோடு இருக்கும் சக்கரத்தை அதன் மேல் கவிழ்த்து, டயரின் இரு பக்கமும் பிடித்து ஸ்டீயரிங் மாதிரி திருப்பினேன், டொக் என்று விட்டது. அந்த அளவு பிடி வேறு எதிலும் கிடைக்காது. பழைய பாடிக்குப் பின்னால் மெல்லிய வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள், சில மாடல்களில் இருக்கும், அழுக்கோடு ஒட்டிக்கொண்டு கண்ணில் படாது. திரும்ப முடுக்கும்போது 35 முதல் 50 நியூட்டன் மீட்டர், லாக்ரிங்குக்கு 40.

இந்தப் பாடி மாற்றுவதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், வலப்பக்கத்து பால்ரஸ் கப் பாடிக்குள்ளேயே இருக்கிறது. பாடி புதுசு என்றால் அந்தப் பக்கத்துக் கப்பும் புதுசு. பல்சக்கரங்களும் நாக்குகளும் ஒரே துண்டாக ஹப்பில் திருகி மாட்டும் பழைய திருகு ஃப்ரீவீலில் வலப்பக்கத்து பால்ரஸ் உள்ளே தள்ளி இருப்பதால் ஆக்சில் அந்த இடத்தில் வளைந்து உடையும். ஷிமானோ 1978இல் ஃப்ரீஹப்பைக் கொண்டுவந்தபோது பால்ரஸ் ஓரத்துக்கு நகர்ந்தது, பின் ஆக்சில் உடைவது வெகுவாகக் குறைந்தது. உங்களுடையது திருகு ஃப்ரீவீலாக இருந்தால் இந்தக் கதை உங்களுக்கு வேண்டாம், அதற்குரிய டூலை வைத்து மொத்தமாகத் திருகி எடுத்துப் புதுசு போட்டுவிடலாம்.

கோனை முடுக்குவதில்தான் எனக்கு நேரம் போனது. குயிக் ரிலீஸ் உள்ள சக்கரத்தில் கையில் வைத்திருக்கும்போது ஆக்சிலில் மிக லேசான ஆட்டம் இருக்கவேண்டும். ஃபிரேமில் மாட்டி நெம்புகோலை மடக்கினால் ஆக்சில் அழுந்தி அந்த ஆட்டம் மறைந்துவிடும். கையிலேயே ஆட்டம் இல்லாமல் இறுக்கினால் மாட்டியதும் பால்ரஸ் நசுங்கும், புதுக் கப் சீக்கிரமே குழி விழும். நான் நாலு தடவை கழற்றி மாட்டினேன். அஞ்சாவது தடவை சக்கரத்தைத் தூக்கிப் பிடித்து விட்டபோது, டியூப் வால்வின் எடையால் அது மெதுவாகச் சுற்றி, முன்னும் பின்னும் ஆடி, வால்வு கீழே வந்து நின்றது. அதைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

ஆறு மாதம் ஓட்டிவிட்டேன், மழையிலும் ஓட்டினேன், ஒரு தடவை கூட நழுவவில்லை. சத்தம் மிகக் குறைவு. கேசட்டைப் பிடித்து ஆட்டினால் சின்ன அசைவு இருக்கும், இந்த வகைப் பாடியில் புதுசிலேயே அது உண்டு, பயப்பட வேண்டாம். பெடல் பிடிப்பதற்கு முன் கொஞ்சம் வெற்று ஓட்டம் இருக்கிறது, கற்களுக்கு நடுவே மலைப்பாதையில் ஓட்டுபவர்களுக்கு அது தொந்தரவாகத் தெரியும். அவர்கள் டிடி ஸ்விஸ்ஸின் ராட்செட் ஹப் பக்கம் போகலாம், நாக்குகளுக்குப் பதில் முகத்தோடு முகம் கடிக்கும் இரண்டு பல் வளையங்கள், 36 பல் உள்ளதில் 10 டிகிரிக்குள் பிடித்துவிடும், டூல் இல்லாமலேயே கையால் இழுத்துத் திறந்து துடைக்கலாம். ஆனால் அதற்கு ஹப்பையே மாற்றிச் சக்கரத்தைப் புதிதாகக் கோக்கவேண்டும்.

கேசட் விஷயத்திலும் ஒரு வார்த்தை. என்னுடையது 8, 9, 10 கியர் கேசட்டுக்கு உரிய நீளம். 11 கியர் ரோடு பாடி 1.85 மி.மீ. நீளம் அதிகம், அதில் பழைய கேசட்டைப் போட்டால் அந்த அளவு வாஷர் பின்னால் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் லாக்ரிங் முடுக்கியும் பல்சக்கரங்கள் லொடலொடவென்று ஆடும்.

வாங்குவதற்கு முன் இடப்பக்கத்துக் கப்பைத் துடைத்து, டார்ச் அடித்து, பேனா முனையால் சுற்றித் தடவிப் பாருங்கள். அது ஹப்போடு சேர்ந்தது, மாற்ற முடியாது. முனை எங்காவது தட்டிக் குழியில் விழுந்தால் பாடிக்குச் செலவழிக்காதீர்கள், ஹப்பையோ சக்கரத்தையோ மாற்றுங்கள். என்னுடையதில் ஒரு மங்கலான வளையத் தடம் மட்டும் இருந்தது, பேனா தட்டவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் புதுக் கிரீஸ் வைக்கிறேன், கழுவும்போது குழாய்க்குப் பதில் வாளியும் துணியும்தான்.