ரிங் லைட்டைப் பரணில் போட்டு மூன்று வருடம்: ஜன்னல் வெளிச்சம் எப்படி இருக்கிறது?

சென்னை பழைய வண்ணாரப்பேட்டையில் வீட்டிலிருந்தே புடவை விற்கிறேன். ஜவுளிக் கடைகள் நிறைந்த எம்.சி. ரோட்டில் சரக்கு எடுப்பேன், போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போடுவேன், வெளியூர்க்காரர்கள் படத்தை நம்பித்தான் பணம் அனுப்புகிறார்கள். அதனால் எனக்குப் புடவையைவிடப் படம் முக்கியம்.

ஆரம்பத்தில் ரிங் லைட்தான், வளையம் மாதிரி இருக்கும் எல்இடி விளக்கு. ராத்திரி சமையல் முடித்துவிட்டு நிதானமாக எடுக்கலாம், அது ஒன்றுதான் அதில் வசதி. ஒரு முறை புடவை திரும்பி வந்தது. "அக்கா, காபிப்பொடி கலர்னு பார்த்துதானே வாங்கினேன், வந்தது அரக்கு." படத்தை எடுத்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி, காபிப்பொடியேதான். மலிவான எல்இடியில் அடர் சிவப்பு குறைவாக இருக்கும், வெளிச்சத்தில் இல்லாத நிறத்தை எந்த கேமராவும் கொண்டுவர முடியாது. எடிட்டிங்கில் சிவப்பை ஏற்றினேன், உடல் சரியானது, மாம்பழ மஞ்சள் பார்டர் ஆரஞ்சாகிவிட்டது.

அன்றிலிருந்து ஜன்னல். புடவையை ஜன்னலுக்குப் பக்கவாட்டில் தொங்கவிட்டு, வெளிச்சம் மென்மையாக வர கிரில்லில் அப்பாவின் பழைய நாலு முழ வேட்டியைக் கட்டி, நிழல் பக்கம் வெளிச்சத்தைத் திருப்பிவிட எதிர்ப்பக்கம் ஃபிரிட்ஜ் வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோலைச் சாய்த்து வைப்பேன். மொத்தச் செலவு பூஜ்யம். டியூப் லைட்டை மட்டும் மறக்காமல் அணைக்க வேண்டும், ரெண்டு வெளிச்சம் கலந்தால் புடவை ஒரு பக்கம் ஒரு நிறம், மறுபக்கம் வேறு நிறம். ரிங் லைட் நேர் எதிரே நின்று அடிப்பதால் ஜரிகை வழவழவென்று ஸ்டிக்கர் ஒட்டியதுபோல இருந்தது, பக்கவாட்டு வெளிச்சத்தில் ஒவ்வொரு இழையின் நிழலும் விழுந்து நெசவு தெரிகிறது. கலர் வேறு என்று சொல்லி அதற்கப்புறம் திரும்பி வந்தவை ரெண்டோ மூன்றோதான்.

குறைகளும் சொல்ல வேண்டும். என் ஜன்னல் வடக்கு பார்த்தது. வடக்கு ஜன்னலில் வெயில் நேராக விழாது என்று வீடியோ போடுகிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஐரோப்பாவுக்குப் பெரும்பாலும் சரி. சென்னை பூமத்திய ரேகைக்கு வடக்கே 13 டிகிரியில்தான் இருக்கிறது, ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு நேரே வந்து, ஆகஸ்ட் 18 வரை நடுமதியத்தில் நமக்கு வடக்கேதான் நிற்கிறது. அந்த மாதங்களில் காலை பத்து மணிக்கு ஒரு பட்டை வெயில் சாய்வாக உள்ளே புகுந்து முந்தானையை வெளுத்துவிடும். வேட்டியை ரெண்டாக மடித்தேன், சமாளித்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சம் அழகுதான், ஆனால் மங்கல், போனைக் கையில் பிடித்தால் படம் ஆடிப்போகும், ஸ்டாண்ட் கட்டாயம். நீலமும் ஏறும், வெள்ளைத் தாளைப் பக்கத்தில் வைத்து ஒயிட் பேலன்ஸை, அதாவது எது வெள்ளை என்று போன் எடுத்துக்கொள்ளும் கணக்கை, பூட்டிவிட வேண்டும்.

பெரிய தலைவலி எங்கள் சந்துதான். போன பொங்கலுக்கு எதிர் வீட்டில் கிளிப்பச்சை பெயிண்ட் அடித்தார்கள், ஆறடி தூரம் இருந்தால் அதிகம். அந்தச் சுவரில் பட்டு வரும் வெளிச்சத்தில் சந்தனக் கலர் புடவை எல்லாம் மாங்காய்ப் பச்சை! ஒரு வாரம் போனைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன், அம்மாதான் ஜன்னலைக் கை காட்டினார்.

இப்போது அதே வீட்டில் மேல் மாடிக்குக் கம்பி கட்டுகிறார்கள். இருக்கிற கொஞ்சம் வானமும் போய்விடும். மொட்டை மாடி படிக்கட்டு அறைக்கு இடம் மாறலாமென்று அங்கே ஒரு கொடி கட்டியிருக்கிறேன், அதற்கே மாடி வீட்டு அக்காவிடம் ரெண்டு நாள் பேச வேண்டியிருந்தது. ரிங் லைட் பெட்டியோடு பரணில்தான் இருக்கிறது, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்.