நாலு வருடமாக ராத்திரி முழுக்கக் கனலும் டிரம் அடுப்பு

நாலு மணிக்கு ஹெட்லைட்டைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிற ஆள் நான். வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். அந்நேரத்தில் உட்கார்ந்து அடுப்பு ஊதப் பொறுமை கிடையாது. அதனால் 2021-இல் ஒரு பட்டறையில் பழைய டிரம்மை வெட்டி, கீழே காற்றுக்கதவும் மேலே புகைக்குழாயும் வைத்து அடுப்பு செய்து வாங்கினேன். குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்கள் வீடு.

முதல் மழைக்காலம் சொதப்பல். மறுநடவுக்கு முறித்த ரப்பர் விறகு குவிந்து கிடந்ததா, அதையே வாய்நிறையத் திணித்தேன். ஜோராக எரிந்து, ஒரு மணிக்கெல்லாம் சாம்பல். அம்மா பார்த்துவிட்டு, "மக்களே, விறக வாரிக் குத்தாத, அதுக்க மேல சாம்பலப் போட்டு மூடு" என்றாள்.

இப்போது ஒன்பது மணிக்குக் கஞ்சி குடித்ததும் கனலைப் பின்னால் ஒதுக்குவேன். தொடைப் பருமனில் ஒரு புளியங்கட்டை, இடுக்கில் நாலைந்து கதம்பை (தேங்காய் மட்டை), மேலே இரண்டு விரல் கனத்துக்குச் சாம்பல். கீழ்க்கதவில் தீக்குச்சி நுழையும் இடைவெளி. காற்று கொஞ்சமாகப் போவதால் கட்டை சுவாலை விடாமல் மெல்லக் கனிந்துகொண்டே இருக்கும். காலையில் கம்பியால் கிளறினால் உள்ளே செக்கச்செவேலென்று கிடக்கும். நாலு சிரட்டைத் துண்டு, குழலால் இரண்டு ஊது. சட்டை மாற்றுவதற்குள் கட்டன்சாயா கொதித்துவிடும்.

தலைவலி புகைக்குழாய்தான். மெதுவாகக் கனல்வதால் குழாயில் தார் மாதிரி படியும். இரண்டாம் வருடம் அடைத்துக்கொண்டு புகை திரும்பி, நிஜமாகவே தலை வலித்தது. அடுப்பு வெளிச் சாய்ப்பில் இருந்ததால் அதோடு போயிற்று. கனல் விடும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. படுக்கிற அறைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இப்போது மாதம் ஒருமுறை மூங்கிலில் சாக்கைச் சுற்றித் துடைக்கிறேன்.

அடித்தகடும் ஒன்றரை வருடத்தில் ஓட்டை. பட்டறையில் கேட்டால், "ரொம்ப எரிச்சுட்டீங்க" என்றார்கள். அடுப்பை வேறு எதற்கு வாங்குவார்களாம்? வார்ப்பிரும்புக் கம்பித்தட்டு போட்டேன், நிற்கிறது.

நம் மாவட்டத்துக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. வெட்டு நனையாமல் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டி வெட்டுகிற அந்த மாதங்களில், ஈரச் சுள்ளியோடு மல்லுக்கட்டாமல் சாயா குடிப்பதற்கே போட்ட காசு தகும். மாசியில் வெட்டு நிற்கும்போது இதையும் அணைத்துவிடுவேன். அப்போதைக்கு கேஸ் போதும்.