அறுவடை முடிந்த வயலுக்குச் சீட்டு விற்றவர்கள்: லாவெண்டர் பண்ணைச் சுற்றுலா பற்றிய எச்சரிக்கை

மதிய உணவுடன் கூடிய ஒரு நாள் லாவெண்டர் பண்ணைச் சுற்றுலா என்று விளம்பரம் செய்து, வயல் அறுவடையாகிவிட்டது என்பதை அறிந்த பிறகும் தொடர்ந்து சீட்டு விற்ற ஓர் ஏற்பாட்டாளரிடம் எங்கள் குடும்பம் இந்தக் கோடையில் ஏமாந்தது. வேறு பெயரிலும் இதையே யாரும் செய்ய முடியும் என்பதால், நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு விற்ற விதத்தை மட்டும் எழுதுகிறேன்.

விளம்பரப் படத்தில் கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஊதா நிறம். நாங்கள் போய் இறங்கிய இடத்தில், மொட்டையடித்த தலைகளைப் போலச் சாம்பல் பச்சைப் புதர்கள் வரிசை வரிசையாக நின்றன. வழிகாட்டியிடம் கேட்டதற்கு, "பூப்பது இயற்கையைப் பொறுத்தது என்று விதிமுறைகளில் எழுதியிருக்கிறோமே" என்றார். பூப்பது இயற்கையின் கையில் இருக்கலாம். அறுப்பது மனிதர்கள் தேதி குறித்துச் செய்யும் வேலை. முந்தைய வாரமே அறுவடை முடிந்துவிட்டதாகவும், அதை எல்லாச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கும் மின்னஞ்சலில் தெரிவித்துவிட்டதாகவும் பண்ணை ஊழியர் ஒருவர் சொல்லி, அந்த அஞ்சலையும் காட்டினார். அதிலிருந்த தேதிக்குப் பிறகுதான் எங்களிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

பண்ணையின் மீது எனக்கு எந்த மனக்குறையும் இல்லை. எண்ணெய்க்காக வளர்ப்பவர்கள், கதிரில் ஏறத்தாழப் பாதிப் பூக்கள் விரிந்ததுமே அறுக்கத் தொடங்குவார்கள். உலர்பூங்கொத்துக்கு என்றால் அதற்கும் முன்பே அறுப்பார்கள். சுற்றுலாப் பயணிகளுக்காக அவர்கள் காத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமும் இல்லை. காலமும் இடத்துக்கு இடம் மாறும்: பிரான்சின் வலென்சோல் பீடபூமியில் வழக்கமாக ஜூலை நடுப்பகுதியிலேயே அறுவடை மும்முரமாகிவிடும், அதைவிட உயரமான சோ பகுதியில் பூக்கள் மேலும் சில வாரங்கள் தாங்கும், ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவிலோ டிசம்பர், ஜனவரியில்தான் பூக்கும். ஆகவே "கோடை முழுவதும் பூக்கள்" என்று ஒரே பண்ணைக்கு மாதக்கணக்கில் சீட்டு விற்கும் விளம்பரத்தைக் கண்டால், பணம் கட்டும் முன் பண்ணையையே நேரடியாகத் தொடர்புகொண்டு, எந்த வகை பயிரிட்டிருக்கிறார்கள், எந்த வாரம் அறுக்கப் போகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலான பண்ணைகள் தயங்காமல் சொல்லிவிடும்.

பூ போனது ஒரு பங்கு என்றால், சாப்பாட்டில் நடந்தது அப்பட்டமான பொய். "பண்ணை உணவகத்தில் அமர்ந்து உண்ணும் மதிய உணவு" என்பதுதான் விளம்பர வாசகம். உணவகம் உண்மையில் அங்கே இருந்தது, ஆனால் ஏற்பாட்டாளர் பெயரில் ஒரு மேசைகூட முன்பதிவு செய்யப்படவில்லை என்று அங்கிருந்தவர்கள் கையை விரித்தார்கள். பேருந்தின் அடிப்பகுதியிலிருந்து அட்டைப் பெட்டிகளை எடுத்து ஆளுக்கொன்றாகக் கொடுத்தார்கள். உச்சிவெயிலில், நிழலே இல்லாத வண்டி நிறுத்துமிடத்தில் நின்றபடி உண்ண வேண்டியிருந்தது, தண்ணீருக்குத் தனிக் கட்டணம். சைவம் என்று முன்பதிவுப் படிவத்தில் தெளிவாகக் குறிப்பிட்டிருந்தும் எல்லாப் பெட்டிகளிலும் இறைச்சியே இருந்ததால், என் மாமியார் மாலைவரை பட்டினி கிடந்தார். இந்த ஒன்றை மட்டும் என்னால் எளிதில் மன்னிக்க முடியவில்லை.

பிறகு "எண்ணெய் வடிக்கும் செயல்விளக்கம்" என்று அழைத்துப் போன இடம், பண்ணைக்குத் தொடர்பில்லாத ஒரு கடை. கொதிகலனும் இல்லை, வடிப்பும் இல்லை. தூக்கத்துக்கு உகந்த உயர்ரக லாவெண்டர் என்று வழிகாட்டி புகழ்ந்த புட்டியைத் திருப்பிப் பார்த்தால், பொடி எழுத்தில் லவாண்டுலா இன்டர்மீடியா என்றிருந்தது. அது லாவண்டின் எனப்படும் கலப்பினம். எண்ணெய் பல மடங்கு அதிகமாகக் கிடைப்பதால் மலிவானது, கற்பூர நெடி தூக்கலாக இருக்கும், சோப்புக்கும் சலவைப் பொருள்களுக்கும் பெருமளவில் போவது. உயர்ரகம் என்று விலை சொன்னால், புட்டியில் அசல் லாவெண்டர் இனத்தைக் குறிக்கும் லவாண்டுலா அங்குஸ்டிஃபோலியா என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். லாவண்டின் கெட்ட பொருள் அல்ல. அதை அங்குஸ்டிஃபோலியாவின் விலைக்கு விற்பதுதான் மோசடி.

ஊர் திரும்பியதும் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதினேன். வானிலை தங்கள் கட்டுப்பாட்டில் இல்லை என்று முதலில் பதில் வந்தது. ஊழியரின் அனுமதியுடன் எடுத்து வைத்திருந்த அந்த மின்னஞ்சலின் படத்தை அனுப்பியதும் தொனி மாறி, அடுத்த ஆண்டுப் பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருவதாகச் சொன்னார்கள். மறுத்துவிட்டு, விவரித்தபடி சேவை வழங்கப்படவில்லை என்ற காரணத்தின் கீழ், பணம் செலுத்திய கடன் அட்டை வங்கியிடம் முறையிட்டேன். இத்தகைய முறையீடுகளுக்குக் காலக்கெடு உண்டு என்பதால், நிறுவனம் "பரிசீலிக்கிறோம்" என்று இழுத்தடிப்பதை நம்பி நாள் கடத்த வேண்டாம். விளம்பரப் பக்கத்தின் திரைப்பிடிப்பு, சைவம் என்று குறித்த முன்பதிவு உறுதிச் சீட்டு, அட்டைப் பெட்டியின் படம், வயலின் படம் ஆகியவற்றை வங்கி கேட்டு வாங்கிக்கொண்டது. நிறுவனத்தின் விளக்கத்தைக் கோரியிருப்பதாக வங்கி எழுதியிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை.