மாதாமாதம் பராமரிப்புக் காசு கட்டியும் என் இணையக் கடை படுத்துவிட்டது

இணையக் கடை கட்டித் தரச் சொல்லி யாரிடமாவது பேசிக்கொண்டிருக்கிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நிறுவனத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. பலகையை மாற்றி மாட்ட அவர்களுக்கு ஒரு நாள் போதும். அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்தால் யாராக இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

சென்னிமலையில் எங்களுக்குப் பெட்ஷீட், துண்டு வியாபாரம். 2024 தீபாவளி முடிந்த கையோடு கோவையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இணையக் கடை நடத்த இடம் தரும் ஷாப்பிஃபை தளத்தில் கடை திறந்து, அதற்கு மேல் "எங்கள் சொந்த எஸ்.டி.கே." வைத்துத் தனிக் கடைமுகப்பு கட்டித் தருவோம் என்றார்கள். கட்ட 65,000 ரூபாய், பராமரிப்புக்கு மாதம் 1,500. டெமோ பார்த்தேன். பெட்ஷீட் படத்தைத் தொட்டால் அப்படியே விரிந்தது. அதில் மயங்கிவிட்டேன். என்னிடம் இருந்ததே நாற்பது சரக்குதான். ஷாப்பிஃபை இலவசமாகத் தரும் 'டான்' தீமே, அதாவது தயார் கடை வடிவமைப்பே, அதற்குத் தாராளம் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

ஆறு மாதம் நன்றாகத்தான் ஓடியது. 2025 ஜூலை 2, காலை பத்து மணி இருக்கும். வழக்கமாக வாங்கும் திருப்பூர்க்காரர் ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, கூடையில போடுறேன், ஒண்ணுமே ஆக மாட்டேங்குதுங்க." நானே போனில் திறந்து பார்த்தேன். படம் வருகிறது, விலை வருகிறது, பெட்ஷீட்டைத் தொட்டால் விரிகிறது. 'வாங்கு' பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது.

நிறுவனத்துக்கு அடித்தேன். "உங்க நெட் ஸ்லோ சார், கேஷ் க்ளியர் பண்ணிப் பாருங்க." பண்ணினேன். மறுநாள், "சர்வர்ல லோடு சார்." ஐந்தாம் நாள் உண்மை மாதிரி ஒன்று வந்தது: "ஷாப்பிஃபை திடீர்னு எல்லாத்தையும் மாத்திட்டாங்க. முழுசா புதுசா எழுதணும். 38,000 ஆகும்." ஆடித் தள்ளுபடிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. சரி, கொடுத்துத் தொலைப்போம் என்றுதான் இருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வந்திருந்தான். இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு. "இருங்க மாமா" என்று லேப்டாப்பில் கடையைத் திறந்து, பக்கத்தின் நிரலையும் பிழைகளையும் காட்டும் எஃப்12 பொத்தானைத் தட்டினான். வலது பக்கம் சிவப்புச் சிவப்பாக வரிகள். கொஞ்ச நேரம் படித்துவிட்டுச் சிரித்தான். எனக்கு எரிச்சலாக இருந்தது.

அவன் சொன்னது இது. எஸ்.டி.கே. என்பது யாரோ எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு. சரக்குப் பட்டியலை எடுப்பது, கூடையில் போடுவது, பணம் கட்டும் பக்கத்துக்கு அனுப்புவது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கும். இவர்கள் "சொந்தம்" என்று விற்றது ஷாப்பிஃபையே வெளியிட்ட ஜாவாஸ்கிரிப்ட் பை எஸ்.டி.கே. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். இலவசமாக எடுத்ததில் தப்பில்லை, ஊரே அப்படித்தான் செய்கிறது. ஆனால் அதன் பழைய இரண்டாம் பதிப்பை எடுத்து வைத்திருக்கிறார்கள். அது 'செக்அவுட்' என்ற பழைய வழியில் ஆர்டரை அனுப்பும். அந்த வழியை மூடப் போகிறோம், 'கார்ட்' வழிக்கு மாறுங்கள் என்று ஷாப்பிஃபை வெகு முன்பே அறிவித்துவிட்டது. கடைசிக் கெடு 2025 ஜூலை 1. அந்த எஸ்.டி.கே.யையே கைவிடுகிறோம், இனிப் பராமரிக்க மாட்டோம் என்றும் சொல்லிவிட்டது. அதாவது என் கடையைக் கட்டும்போதே அதற்கு நாள் குறித்தாகிவிட்டது. இதில் திடீர் எங்கே வந்தது?

அதோடு விடவில்லை அவன். பக்கத்தை அப்படியே தன் லேப்டாப்பில் இறக்கி, எஸ்.டி.கே.யை அழைக்கும் வரியைத் தேடினான். முகவரிக்குள் 'வி2' என்று இருந்தது. '2'ஐ அழித்து '3' என்று அடித்தான். பொத்தானை அழுத்தினான். பணம் கட்டும் பக்கம் வந்து நின்றது. மூன்றாம் பதிப்பு உள்ளுக்குள் புதிய வழியில் போகிறதாம். இதுவும் தற்காலிக ஒட்டுதான், வேறு ஏற்பாட்டுக்கு மாறியே ஆக வேண்டும் என்றான். சில கடைகளுக்கு இன்னும் கொஞ்சம் வேலை இருக்குமாம். என் கடைக்கு ஓர் எண்தான். 38,000 ரூபாய்!

இன்னொன்றையும் காட்டினான். பக்கத்தின் நிரலுக்குள் 'எஸ்ஹெச்பிஏடி' என்று தொடங்கும் நீளமான சாவி ஒன்று, கடவுச்சொல் மாதிரி, கிடந்தது. கடைமுகப்புக்கென்று வெளியில் தெரியலாம் என்ற சாவி வேறு. இது நிர்வாகச் சாவி. சோதனைக்கு வைத்ததை எடுக்க மறந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். எஃப்12 தட்டத் தெரிந்த எவனும் அதை எடுத்துக்கொண்டு போய், அதற்குக் கொடுத்திருக்கும் அனுமதியைப் பொறுத்து, என் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் எண் வரை பார்க்கலாம். கடை நின்றதைவிட எனக்கு வயிற்றைக் கலக்கியது இதுதான். யாராவது எடுத்தார்களா என்று இன்றுவரை தெரியாது.

இவ்வளவு நடந்தும் எனக்கு ஒரு எச்சரிக்கை மெயில்கூட வராதது ஏன்? கடையின் உரிமையாளர் என்று பதிவாகியிருந்தது அவர்கள் உருவாக்கிய மெயில் முகவரி. எனக்குக் கொடுத்திருந்தது ஊழியர் லாகின். கடையின் இணைய முகவரியான டொமைனும் அவர்கள் கணக்கில், ஹோஸ்டிங்கும் அவர்கள் கணக்கில். அந்த ஓர் எண்ணை மாற்றக்கூட என்னால் உள்ளே போக முடியாது. பணம் மட்டும் தப்பியது. இந்தியாவில் ஷாப்பிஃபையின் சொந்தப் பேமென்ட் வசதி கிடையாது, பணம் வாங்கித் தரும் வேறு கேட்வே சேவைதான் வைக்க வேண்டும். அதற்கு என் பான் கார்டு, என் வங்கிக் கணக்கு கேட்டதால் காசு நேராக என்னிடம் வந்துகொண்டிருந்தது.

போனில் சண்டை போட்டேன். "பராமரிப்புன்னா சர்வர் மட்டும்தான் சார், எஸ்.டி.கே. அதுல வராது" என்றார்கள். ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் 'பராமரிப்பு' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கிறது. ஷாப்பிஃபை மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் ஏபிஐக்கு, அதாவது வெளி நிரல்கள் கடையோடு பேசும் வழிக்கு, புதுப் பதிப்பு விடுகிறது. ஒவ்வொரு பதிப்புக்கும் குறைந்தது 12 மாதம்தான் உத்தரவாதம். அதைக் கவனித்து மாற்றுவது பராமரிப்பு இல்லையென்றால் 1,500 எதற்கு வாங்கினார்கள்?

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். வியாபாரத்துக்காக வாங்கிய சேவை என்றால் நுகர்வோர் சட்டம் பொதுவாகப் பொருந்தாது, பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர்களுக்கு மட்டும் விலக்கு. நான் அதில் வருவேன் என்கிறார் வக்கீல். பார்ப்போம். புகார் எண்ணை அனுப்பியதும் கடையின் உரிமையை என் மெயிலுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்கே அந்தச் சாவியை ரத்து செய்தோம். பிறகு இலவசத் தீமைப் போட்டு, ஆடி பிறந்து எட்டாம் நாள் கடை திறந்தது. பெட்ஷீட் விரிவதில்லை. ஆர்டர் வருகிறது.

ஆகவே பேசும்போதே கேளுங்கள்: உரிமையாளர் மெயில் யாருடையது, டொமைன் யார் பேரில், எந்த எஸ்.டி.கே., எத்தனையாவது பதிப்பு, பதிப்பு மாறினால் மாற்றித் தருவது யார் செலவு. பதிலை எழுத்தில் வாங்குங்கள். "அதெல்லாம் டெக்னிக்கல் சார்" என்று சிரித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

டொமைனை மட்டும் அவர்கள் விடவில்லை. மாற்றிக்கொள்ளும் குறியீட்டைத் தர 12,000 கேட்கிறார்கள், நான் தருவதாக இல்லை. பழைய முகவரியை அச்சடித்த 2,000 துணிப்பைகள் குடோனில் கிடக்கின்றன. ராத்திரி சாப்பிட்டு முடித்து நானும் வீட்டுக்காரியும் அதன்மேல் புது முகவரி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கிறோம். இன்னும் 1,400 பாக்கி.