உபுண்டுவில் புதுப் பைத்தான்: பைஎன்வா, டெட்ஸ்நேக்ஸா?

வீட்டு லேப்டாப், சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கணினிச் சந்தையில் வாங்கிய பழசு. அதில் ஓடுவது உபுண்டு 22.04 (லினக்ஸ் இயங்குதளம்), கூடவே வந்த நிரல்மொழி பைத்தான் 3.10. பாலிடெக்னிக்கில் படிக்கும் அக்கா மகளின் புராஜெக்ட்டுக்கோ 3.12 வேண்டும். அதை நிறுவ நான் பார்த்த இரண்டு வழிகள்: பைஎன்வ் என்ற கருவி, டெட்ஸ்நேக்ஸ் என்ற பேக்கேஜ் களஞ்சியம்.

எந்த வழியில் போனாலும் சரி, சிஸ்டத்தின் 'பைத்தான்3' என்ற பெயரைப் புதுப் பதிப்புக்குத் திருப்பிவிடாதீர்கள். உபுண்டுவின் சொந்தக் கருவிகள் பழையதை நம்பி இருப்பவை. டெர்மினல்கூடத் திறக்காமல் அடம்பிடிக்கும்.

பைஎன்வ் மூலநிரலை இறக்கி நம் கணினியிலேயே கம்பைல் செய்கிறது, அதாவது ஓடக்கூடிய நிரலாக மாற்றுகிறது. எந்தப் பதிப்பும் கிடைக்கும், ரூட் (நிர்வாகி) அனுமதி தேவையில்லை. ஆனால் கம்பைலுக்கு வேண்டிய லிப்எஃப்எஃப்ஐ லைப்ரரியின் டெவ் பேக்கேஜைப் போட மறந்துவிட்டேன். புளோக்குக்குக் கீழே கோப்பிக் கடையில் தே ஓ குடித்துவிட்டு வந்து பார்த்தால், கம்பைல் முடிந்திருந்தது. மறுநாள்தான் தெரிந்தது, அந்த லைப்ரரியை நம்பியிருக்கும் சிடைப்ஸ் என்ற பைத்தான் பகுதி இல்லை. பேக்கேஜைப் போட்டு, மறுபடி முதலிலிருந்து.

அதைக்கூட மன்னிக்கலாம். பராமரிப்புதான் வம்பு. 3.12.3-லிருந்து 3.12.7-க்குப் போக வேண்டுமென்றால் திரும்பவும் கம்பைல். புதியது தனி ஃபோல்டரில் உட்காரும்; பழைய வெர்ச்சுவல் என்விரான்மென்ட்டுகள் (புராஜெக்ட்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்கள்) பழைய பைத்தானையே பிடித்துக்கொண்டிருக்கும். பாதுகாப்புத் திருத்தம் வந்திருக்கிறது என்று ஞாபகப்படுத்தவும் ஆளில்லை. முன்பு உபுண்டு 20.04-லிருந்து 22.04-க்கு மாறியபோது, பாதுகாப்பான இணைய இணைப்புக்கான லைப்ரரி ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1 போய் 3.0 வந்தது. நான் கம்பைல் செய்து வைத்திருந்த பைத்தான்களில் அந்த எஸ்எஸ்எல் இணைப்பு படுத்துவிட்டது, பைத்தான் பேக்கேஜ்களை இறக்கும் பிப் எதையும் இறக்கவில்லை.

டெட்ஸ்நேக்ஸ் பிபிஏவில் (உபுண்டுவுக்கு வெளியார் நடத்தும் பேக்கேஜ் களஞ்சியம்) இந்தத் தலைவலி குறைவு. ரெபாசிட்டரியைச் சேர்த்து 3.12-ஐ நிறுவினால் போதும் (வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கும் வென்வ் பேக்கேஜ் தனி, அதை மறந்துவிடாதீர்கள்). திருத்தங்கள் உபுண்டுவின் பேக்கேஜ் கருவியான ஆப்ட்டின் வழக்கமான அப்கிரேடோடு வந்துவிடும். பைத்தான் அதே இடத்தில் மாறுவதால் என்விரான்மென்ட்டுகளும் தானாகப் புதியதில் ஓடும். ஓபன்எஸ்எஸ்எல் சிஸ்டத்தினுடையதுதான், அதன் திருத்தமும் சேர்ந்தே கிடைக்கும்.

குறை இல்லாமல் இல்லை. இது உபுண்டு எல்டிஎஸ்களுக்கு (நீண்டகால ஆதரவுப் பதிப்புகளுக்கு) மட்டும், டெபியன் என்ற இன்னொரு லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்குப் பயன்படாது. பாதுகாப்புத் திருத்தம் உடனுக்குடன் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்று அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். உபுண்டுவையே அடுத்த பதிப்புக்கு ஏற்றும்போது பிபிஏ அணைக்கப்படும், நாம்தான் திரும்பச் சேர்க்க வேண்டும். 24.04-க்கு நான் இன்னும் தாவவில்லை, அதனால் அந்த அனுபவம் எனக்கில்லை.

யூவி என்ற மூன்றாவது கருவியையும் இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஏற்கெனவே கம்பைல் செய்த பைத்தானையே இறக்கித் தருகிறது, கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். ஆனால் ஓபன்எஸ்எஸ்எல் அதற்குள்ளேயே பொதிந்திருப்பதால் ஆப்ட் திருத்தம் அதை எட்டாது. ஒரு வருடப் பராமரிப்பு எப்படி இருக்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் பழகவில்லை.

அக்கா மகள் தன் சொந்த லேப்டாப்பில் யூவிதான் வைத்திருக்கிறாள். வீட்டு லேப்டாப்புக்கு ஞாயிறுதோறும் அப்கிரேடு கொடுப்பது நான், அதில் டெட்ஸ்நேக்ஸ்தான்.